மானிப்பாய் மிஷன் வளவும் நமது பழைய கல்வீடுகளும்

சென்ற ஆண்டு மேல்வகுப்பு மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு எம்மூரின் பழைய கட்டடங்களைப் பார்வையிடச் சென்றிருந்தேன். ஏட்டிற் கற்ற வரலாற்றை வீதியோரத்திலும் காணுதல் கூடும் என்று அவர்களுக்கு உணர்த்துவதே எனது நோக்கம். கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலையின் அயலில் நின்று அமெரிக்க மிஷனாரின் வருகையைப் பற்றி நான் கூறிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன் இடைமறித்து, “சேர், இவை மிஷனரிமார் தங்கள் காரியத்துக்காகக் கட்டியவை அல்லவா? இவை விழுந்தால் எங்களுக்கு என்ன?” என்று வினாவினான்.

இந்துக் கல்லூரி ஒன்றிற் கற்கும் மாணவன் இவ்வாறு வினாவியதில் வியப்பில்லை. சைவமக்கள் தம் பிள்ளைகளைத் தம் சமயச் சூழலில் வைத்துக் கற்பிக்க வேண்டுமென்று எழுந்தவையே எமது இந்துக் கல்லூரிகள். அவன் வினாவில் அந்த வரலாற்றின் குரல் ஒலித்தது. அன்று நான் கூறிய விடை அவனுக்கும் நிறைவு தரவில்லை, எனக்கும் தரவில்லை. அவ்விடையைத் திருத்திக் கூறும் முயற்சியே இக்கட்டுரையாகும்.

முதற்கண் கட்டடப் பொருள்களை நோக்குவாம். ஐரோப்பியர் காலத்து வீடுகளைச் செங்கல் வீடுகள் எனப் பொதுப்படக் கூறுதல் வழக்கம். குடாநாட்டின் நிலை சிறிது வேறானது. எம் காலடியிற் கிடப்பது சுண்ணக்கற் பாறை. செங்கல்லுக்கேற்ற களிமண் இங்கு அரிது. ஆதலின், சுவர்களைச் சுண்ணக்கல்லாலும் கடற்கரையிற் பெற்ற முருகைக்கல்லாலும் எழுப்பினர். வட்டத்தூண், வளைவு, சாளரத்தின் மேற்பகுதி முதலாக அளவொத்த கல் வேண்டப்பட்ட இடங்களிற் செங்கல்லைக் கையாண்டனர். இவை யாவற்றையும் பிணைத்தது சுண்ணாம்புச் சாந்து. அச்சுண்ணாம்பும் அதே கல்லைச் சூளையிலிட்டு எரித்துப் பெறப்பட்டதே. இங்ஙனம் ஒரே கல் சுவராகவும், சாந்தாகவும், சுவரின்மேற் பூசும் வெள்ளையாகவும் பயன்பட்டது. கூரையின் வளையும் கைமரமும் சிலாகையும் பனை தந்தவை. அவற்றின்மேற் பீலியோடு பரப்பினர். 1865ஆம் ஆண்டு பாசல் மிஷனார் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியபின் தட்டையோடும் கடல் கடந்து வரலாயிற்று. பெரும்பாலான குடிமக்கள் மண்சுவரும் கிடுகுக் கூரையும் கொண்ட வீடுகளில் வாழ்ந்த காலத்திற் ‘கல்வீடு’ என்ற சொல்லே ஒரு குடும்பத்தின் நிலையைக் காட்டுவதாய் இருந்தது.

இக்கல்வீட்டின் வரலாற்றை அறியப் பழைய ஆவணங்களைத் தேடுமுன் எம் வீட்டுப் பேச்சையே செவிமடுத்தல் நன்று. போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர்; 1658இல் ஒல்லாந்தரும் 1795இல் ஆங்கிலரும் அவர்தம் இடத்தைப் பெற்றனர். அவர்தம் ஆட்சி மறைந்தது. அவர்தம் சொற்கள் எம் வீட்டினுள் இருக்கின்றன. யன்னல், விறாந்தை, குசினி, கதிரை, மேசை, வாங்கு, அலுமாரி என்பன போர்த்துக்கேயர் விட்டுச் சென்றவை. கூரையைத் தாங்கும் குறுக்குமரத்தை எம் தச்சர் ‘தீராந்தி’ என்பர். அதுவும் போர்த்துக்கேயச் சொல்லே. மேசையின் ‘லாச்சி’யும், உத்தியோகத்தர் செல்லும் ‘கந்தோ’ரும் ஒல்லாந்தச் சொற்கள். மறுபுறம் முற்றம், திண்ணை, படலை, கூடம் என்பன எம் முன்னோர் வழங்கிய தூய தமிழ்ச் சொற்கள். நடுமுற்றத்தைச் சூழ நான்கு புறமும் தாழ்வாரம் அமைந்த நாற்சார் வீட்டிற்கு முன்னே தூண்கள் நிரைத்த விறாந்தையைச் சேர்த்தபோது, இருவேறு மரபுகள் ஒரு கூரையின்கீழ் வந்தன. அவ்விறாந்தையை அந்நியம் என்று எவரும் ஒதுக்கவில்லை. மாலை வேளையில் வீட்டுப் பெரியவர் சாய்மனைக் கதிரையில் அமர்ந்து புராணம் கேட்டதும் அங்கேதான்.

இனி மானிப்பாய்க்கு வருவாம். 1672இல் வெளியான தமது நூலில் ஒல்லாந்தப் பாதிரியார் பல்தேயு யாழ்ப்பாணத்துக் கோயிற்பற்றுக்களை விவரிக்குமிடத்து மானிப்பாயையும் குறிப்பிடுகின்றார். போர்த்துக்கேயர் அமைத்த தேவாலயங்களை ஒல்லாந்தர் தமதாக்கிக்கொண்டனர். ஆங்கிலர் ஆட்சியின் தொடக்கத்தில் அவற்றுட் பல கூரையிழந்து நின்றன. அமெரிக்க மிஷனார் 1816இல் யாழ்ப்பாணம் வந்து தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பணி தொடங்கியபோது, அவர்களுக்குக் கிடைத்தவை இத்தகைய பழைய தேவாலயங்களும் அவற்றைச் சார்ந்த மனைகளுமே. அவற்றைச் செப்பனிட்டே அவர்கள் குடியேறினர். 1821இல் மானிப்பாயிலும் அவர்தம் நிலையம் அமைந்தது.

ஆளும் அரசும் மிஷனும் ஒன்றே என்று கருதுதல் பிழை. அச்சாளர் ஜேம்ஸ் காறெற் என்பார் 1820இல் அமெரிக்காவினின்று வந்து சேர்ந்தபோது, ஆங்கிலத் தேசாதிபதியின் ஆட்சி அவர் இங்குத் தங்குவதற்கு இடங்கொடுக்கவில்லை. அமெரிக்கரின் எண்ணிக்கை பெருகுவதை அரசு விரும்பாமையே காரணம். ஒரு தசாப்தத்துக்கு மேல் நீடித்த அத்தடை 1833இல் நீங்கியது. அதன்பின் அச்சாளர் ஈஸ்ற்மன் மைனர் வர, மானிப்பாயில் அமெரிக்க மிஷன் அச்சகம் இயங்கலாயிற்று. அந்நாளில் உருவாகிய நூல்களுள் தலையாயது 1842இல் வெளிவந்த தமிழகராதி. ஏறத்தாழ 58,500 சொற்களுக்குத் தமிழிலேயே பொருள் கூறும் அவ்வகராதி யாழ்ப்பாண அகராதி எனவும் மானிப்பாய் அகராதி எனவும் வழங்கும். லீவை ஸ்பால்டிங் பாதிரியாரின் பெயர் அதனோடு சேர்த்துக் கூறப்படுகின்றது. ஆயின் உடுவிற் சந்திரசேகர பண்டிதரின் புலமை இல்லையேல் அந்நூல் இல்லை என்பதையும் உடன் கூறுதல் வேண்டும். மிஷனாரின் கூரையின்கீழ்த் தமிழ்ப் பண்டிதர் அமர்ந்து சொல்லாய்ந்த காட்சியை மாணவர் மனத்திற் கொள்வாராக.

1847இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் அடுத்த ஆண்டில் மானிப்பாயைத் தம் இருப்பிடமாக்கிக்கொண்டார். 1857இல் தாயகம் சென்று 1862இல் மீண்டு, 1873 வரை இங்கு உழைத்தார். நோயாளரைப் பார்த்தது அவர் பணியின் ஒரு பாதி. மாணவருக்கு மேனாட்டு வைத்தியம் கற்பித்தது மறு பாதி. கொழும்பில் அரசின் வைத்தியக் கல்லூரி 1870இலேதான் தோன்றியது. அதற்கு இருபதாண்டுகளுக்கு முன்பே எம் கிராமத்தில் வைத்தியக் கல்வி நடைபெற்றது என்பது எம்மூரார் பலர் மறந்த செய்தி. 60க்கு மேற்பட்ட தமிழ் வைத்தியர்கள் அவரிடம் பயின்று வெளியேறினர்.

தொடக்கத்தில் ஆங்கிலத்திற் கற்பித்த கிறீன், ஆங்கிலம் கற்றோர் கிராமங்களிற் தங்காது உத்தியோகம் தேடிச் செல்லுதலைக் கண்டார். அதன்பின் தமிழே போதனைமொழி என்று துணிந்தார். துணிந்ததும் எதிர்ப்பட்ட தடை, நூல்கள் இன்மை. அவற்றைத் தாமும் தம் மாணவருமாகச் செய்தனர். ‘இரணவைத்தியம்’ 1867இலும், ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872இலும், ‘கெமிஸ்தம்’ 1875இலும் வெளிவந்தன. உடலின் ஒவ்வோர் என்புக்கும் நரம்புக்கும் தமிழ்ப்பெயர் தேடும்போது பழைய வைத்திய ஏடுகளையும் அவர்கள் புறக்கணிக்கவில்லை. தம் மாணவர் மேனாட்டு உடையையும் நடையையும் மேற்கொள்வதையும் கிறீன் விரும்பினாரல்லர். தமிழர் தமிழராகவே இருந்து கல்வி பெறல் வேண்டும் என்பதே அவர் கொள்கை. கலைச்சொல்லாக்கத்தைப் பற்றி இன்று பேசுவோர் அவர்க்குப் பட்ட கடனைக் கவிஞர் அம்பி தம் நூல்களால் எமக்கு நினைவூட்டியுள்ளார்.

மதமாற்றம் மிஷனாரின் நோக்கமாய் இருந்தது என்பதை மறைத்தல் வரலாற்றுக்கு ஒவ்வாது. கிறீனும் அந்நோக்கம் உடையவரே. அதனை எதிர்த்தே ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1849இற் சென்னை சென்று அச்சியந்திரம் கொணர்ந்தார். நாவலர் எதிர்த்தது அவர்தம் பிரசாரத்தை. அச்சையும் பாடசாலை முறையையும் அவர் தம் கருவிகளாகவே கைக்கொண்டார். எதிராளியின் படைக்கலத்தை ஆராய்ந்து, நல்லதை ஏற்று, தம் மரபைக் காத்த அப்பெருமகனின் வழி எமக்குத் திறந்திருக்கின்றது. அகராதி எம்முடையது, அங்காதிபாதமும் எம்முடையது, அவை பிறந்த வளவு மட்டும் பிறருடையது ஆதல் எங்ஙனம்?

நிற்க. இத்தகைய கட்டடங்களைச் சட்டம் காவாதோ என்று வினாவுதல் கூடும். இலங்கையின் தொல்பொருட் சட்டம் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாகும். அது பழமைக்கு வரம்பாகக் கொண்ட நாள் 1815 மார்ச் 2. கண்டி அரசு ஆங்கிலரிடம் ஒப்படைக்கப்பட்ட நாள் அது. கண்டிக்கு அந்நாள் ஒரு யுகத்தின் முடிவு. யாழ்ப்பாணத்துக்கோ, அரசு வீழ்ந்து ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் கழிந்த ஒரு நாள். அமெரிக்க மிஷனார் வந்தது 1816இல். ஆகவே அவர்தம் கட்டடங்களும், அவர்தம் காலத்தில் எம் முன்னோர் எழுப்பிய கல்வீடுகளும் அவ்வெல்லைக்குச் சிறிது அப்பால் நின்றுவிட்டன. பிற்காலத் திருத்தத்தினால் நூறாண்டு கடந்த கட்டடங்களைப் பாதுகாக்கப்பட்ட சின்னங்களாகப் பிரகடனப்படுத்த வழி பிறந்தது. எனினும் அவை தாமாகவே காவல் பெறுவதில்லை. எவரேனும் கேட்டாலன்றிப் பிரகடனம் வாராது.

பிரகடனம் வந்தவிடத்தும் காவல் முற்றுப்பெறுவதில்லை. நல்லூரில் மந்திரிமனை என வழங்கும் மாளிகையை அறியாதார் இலர். மரவேலைப்பாடும் மேன்மாடமும் கொண்ட அம்மனை, தமிழரசர் காலத்து அமைச்சரோடு மக்கள் மரபிற் சார்த்தி உரைக்கப்படினும், அதன் தோற்றம் ஐரோப்பியர் காலத்தையே காட்டுகின்றது. தொல்பொருட் சின்னமாக அறிவிக்கப்பட்ட அம்மனையின் ஒரு பகுதி 2025 செப்டெம்பரிற் பெய்த மழையில் இடிந்து வீழ்ந்தது. பெயர்ப்பலகை மழையைத் தடுக்குமோ?

வறுமையே இதற்குக் காரணம் என்று கூறி ஆறுதல் பெறவும் இயலாது. கிறீன் 1884இல் மறைந்தது அமெரிக்காவின் வூஸ்ரர் நகரில். அங்கே அவர் குடும்பத்தாருக்குரிய ‘கிறீன் ஹில்’ என்னும் பெருமனை இருந்தது. குடும்பத்தார் அவ்வளவை 1905இல் நகரத்துக்கு நன்கொடையாக வழங்கினர். வளவு இன்றும் பூங்காவாகப் பொலிகின்றது. மாளிகை 1957இல் இடிக்கப்பட்டது. செல்வம் மிக்க நாட்டின் நகரமொன்றுக்கே அது தேவையற்ற பழங்கட்டடமாகத் தோன்றிற்று. ஆகவே பொருளும் சட்டமும் துணைகளே. அவ்விடத்தில் நிகழ்ந்ததை அறிந்த மக்கள் அயலில் இருத்தலே ஒரு கட்டடத்துக்கு முதற் காவல்.

இதனைப் பிறருக்கு உபதேசிக்க எனக்குள்ள தகுதி, நானே இழைத்த ஒரு தவறுதான். எம் பேரனார் கட்டிய நாற்சார் வீட்டிற் பிறந்து வளர்ந்தவன் நான். 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமத்து மக்கள் அனைவரும் ஊரைவிட்டுப் பெயர்ந்தபோது நாங்களும் அவ்வீட்டைப் பூட்டிச் சென்றோம். அடுத்த ஆண்டு மீண்டபோது ஓடுகள் பல உடைந்திருந்தன. சுவர்கள் ஈரமேறி நின்றன. சில ஆண்டுகளின் பின் கையிற் சிறிது பணம் சேர்ந்ததும், சுவரின் பழைய பூச்சைக் கொத்தி வீழ்த்திச் சீமெந்து பூசுவித்தேன். அயலூர் முதிய கொத்தனார் ஒருவர் அப்போது, “தம்பி, இந்தச் சுவர் மூச்சு விட வேணும். சீமெந்தைப் பூசினால் உள்ளுக்கை அவிஞ்சு போகும்” என்றார். வெளிவாரியாகக் கற்று வரலாற்றிற் பட்டம் பெற்றிருந்த எனக்கு அது படியாதவர் பேச்சாகத் தோன்றியது.

அவர் கூறியதன் உண்மையைப் பின்னரே படித்தறிந்தேன். நிலத்தின் ஈரம் கல்லின் நுண்டுளைகள் வழியே சுவரில் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அவ்வீரத்தை வெளியே ஆவியாக விடும். சீமெந்துப் பூச்சு தடுத்துவிடும். வெளியேற வழியற்ற ஈரம் மேலும் உயர ஏறும். அதனோடு வந்த உப்பு பூச்சின் பின்னே உறைந்து பருக்கும். மென்மையான சுண்ணக்கல்லும் பழஞ்செங்கல்லும் மாவாய் உதிரும். வெளியே சுவர் வழுவழுப்பாகத் தோன்ற, உள்ளே அது நொய்ந்துகொண்டிருக்கும். காங்கேசன்துறையிற் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் உற்பத்தியைத் தொடங்கி 1990இல் நின்றுபோனது. எம் சுண்ணக்கல்லை வெட்டியெடுத்தே அது சீமெந்தாக்கியது. அந்த நாற்பதாண்டுகளிற் சீமெந்து எம் மக்களிடம் புதுமையின் அடையாளமாயிற்று. சுண்ணாம்புச் சாந்து அரைக்கும் கைவினை மெல்ல மறைந்தது.

எம் வீட்டின் மேற்குச் சுவர் வெடித்தது. பின்னர்க் கூரை சாய்ந்தது. ஈற்றில் அதனை இடித்துப் புதிய வீடு கட்டினேன். பனங்கைமரங்களை விற்றேன். இடிக்குமுன் அவ்வீட்டின் நீள அகலங்களைக்கூட எழுதி வைத்தேனல்லேன். வரலாறு கற்பிப்பவன் தன் வீட்டின் வரலாற்றை அழித்த கதை இது. இன்று என் பிள்ளைகள் “நடுமுற்றம் எவ்வளவு பெரிது?” என்று கேட்டால் கையை விரித்துக் காட்டுவதன்றி வேறு விடை என்னிடம் இல்லை.

இனிச் செய்யத்தக்கவை யாவை? எம் சமயமே ஒரு வழியைக் காட்டியுள்ளது. ஆலயங்களிற் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திருப்பணி செய்து கும்பாபிஷேகம் நிகழ்த்துதல் வேண்டும் என்பது மரபு. கட்டடம் தேயும், அதனை உரிய காலத்திற் புதுக்கல் வேண்டும் என்னும் அறிவு அம்மரபினுள் அடங்கியுள்ளது. மருதடி விநாயகர் ஆலயத்துக்குத் திருப்பணி என்றால் உள்ளூராரும் வெளிநாட்டிலுள்ளோரும் ஒருங்கே முன்வருவதை நாம் அறிவோம். அவ்வுணர்ச்சியில் ஒரு சிறு பங்கையேனும் பழைய வீடுகளுக்கும் அளித்தல் தகும்.

செலவு மிகாத காரியங்கள் பல உள. ஐப்பசி மழைக்கு முன் உடைந்த ஓடுகளை மாற்றுதல், சுவரில் முளைக்கும் ஆலங்கன்றையும் அரசங்கன்றையும் வேர்விடுமுன் களைதல், சுவரடியில் நீர் தேங்காது வடியச் செய்தல், கறையான் புற்றை உடனுக்குடன் அகற்றுதல் ஆகிய நான்கினைச் செய்தாலே ஒரு வீடு பல்லாண்டு நிற்கும். பூச்சு உதிருமிடத்துச் சுண்ணாம்பையே பூசுதல் வேண்டும். அத்தொழிலறிந்த முதியோர் இன்னும் சிலர் உளர். அவர் கைத்திறனை இளந்தொழிலாளர் கற்றுக்கொள்ளல் அவசியம். வெளிநாடு சென்ற பழைய மாணவர் தம் வீடுகளைப் பூட்டிவைத்தல் காவலாகாது. ஆளில்லாத வீட்டில் ஓர் ஓடு நழுவினாற் கண்டு சொல்வார் இல்லை. ஒரு குடும்பத்தைக் குடியிருத்துதலோ, மாலை வகுப்புக்கோ வாசிகசாலைக்கோ விறாந்தையை உதவுதலோ அவ்வீட்டுக்கு ஆயுள் தரும். இடித்தே தீரவேண்டிய வீடாயின், இடிக்குமுன் அளவெடுத்து வரைபடமும் நிழற்படமும் ஆக்கி வைத்தலையேனும் கடமையாகக் கொள்ளுதல் வேண்டும்.

அன்று வினாவிய மாணவனுக்கு நான் இப்போது கூறும் விடை இது: மிஷனார் தங்கள் காரியத்துக்காக வந்தனர் என்பது உண்மை. ஆயின் அக்கல்லை வெட்டியவரும், சுண்ணாம்பு எரித்தவரும், தீராந்தி ஏற்றியவரும் எம்மவர். அங்குச் சொல்லாய்ந்த பண்டிதரும், தமிழில் வைத்தியம் கற்ற மாணவரும், பிணிதீர்ந்து வீடு திரும்பியவரும் எம்மவர். அக்கட்டடம் வீழுமாயின் முதலில் மறக்கப்படுவோர் இவர்களே. கிறீனின் பெயரைக் காக்க அவர் நாட்டில் நூல்கள் உண்டு. இவர்களுட் பலருக்கு அச்சுவர்களைத் தவிர வேறு சாட்சியில்லை.

அம்மாணவன் இதனை ஏற்பானோ அறியேன். ஆயினும் சென்ற மாதம் அவன் அளவுநாடா ஒன்றுடன் வந்து, தன் பாட்டியாரின் பழைய வீட்டை அளக்க உதவுமாறு கேட்டான். அவ்வீட்டின் சுவர் முக்கால் முழத்துக்கு மேல் தடித்திருந்தது. விறாந்தைத் தூண்கள் ஆறு. அவற்றை ஒரு கொப்பியிற் குறித்துக்கொண்டோம். வரும் விடுமுறையில் மேலும் சில மாணவரைச் சேர்த்து ஊரின் ஏனைய பழைய வீடுகளையும், உரியோரின் அனுமதி பெற்று மிஷன் வளவின் பழங்கட்டடங்களையும் அளந்து பதிவு செய்ய எண்ணியுள்ளோம். பழைய மாணவரிடம் தம் வீடுகளின் நிழற்படமோ, உறுதியோ, கட்டியவர் பெயரோ இருப்பின் அவற்றின் பிரதிகளைக் கல்லூரிக்கு அனுப்பி உதவுவாராக. கொப்பியில் இன்னும் பல பக்கங்கள் எழுதப்படாமலே இருக்கின்றன.